குருட்டுக் கண் பக்கம்

ரோஸ்லின் குதிரை வாங்கினாள் என்று கிளியனூர்ப் பக்கத்தில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது. குதிரை வாங்குகிற நிலையில் அவள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வானூர் தாண்டி ஒரு வெள்ளைக்காரம்மா, பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தர லாயம் வைத்திருந்தாள். அங்கே லத்தி அள்ளப் போனவள் ரோஸ்லின். போகப் போக உடம்பு தேய்த்துவிடுவது, தீனி வைப்பது, லாடம் அடிக்கும்போது காலைத் தூக்கிப் பிடிப்பது என்று எல்லா வேலையும் அவள் தலையில் வந்து விழுந்தது. அவளும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவள் சைக்கிள் சத்தம் கேட்டாலே அத்தனை குதிரையும் காதை நிமிர்த்தும். அவள் வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட அவளுக்கு அப்போது மகளையும் அடுத்த வீட்டு செண்பகத்தையும் தவிர வேறு யாரும் இல்லை.

வெள்ளைக்காரம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், சொந்த ஊருக்கே திரும்புவதென்று முடிவானபோது நல்ல குதிரைகளையெல்லாம் சென்னை, பெங்களூர் என்று ஆட்கள் வந்து ஓட்டிப் போனார்கள். மிஞ்சியது ஸ்டெல்லா. சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. வயதாகிவிட்டது. இடது கண்ணில் பூ விழுந்து பார்வை போய்விட்டது. அதைக் கேட்டு வந்தவன் ஒரு தரகன். அவன் லாரி எங்கே போகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ரோஸ்லின் கயிற்றை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இத நான் ஓட்டிக்கினு போறேம்மா. லாரில ஏத்தாதீங்க."

வெள்ளைக்காரம்மா அழுதுவிட்டாள். ரோஸ்லினுக்கு அழ நேரமில்லை. செண்பகத்துக்கு போன் போட்டு, கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறி வா என்றாள்.

செண்பகம் வந்தாள். குதிரையைப் பார்த்ததும் எட்டவே நின்றுகொண்டாள். முட்டுகிற மாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிற பெண்பிள்ளைக்குக் குதிரை என்றால் குலை நடுக்கம்.

"இத்த இட்டுக்கினு போயி இன்னாடி பண்ணப் போற? பாலு கறக்குமா, ஏரு உழுமா?"

"ஒண்ணும் பண்ணாதுக்கா. சும்மா இருக்கும்."

"சும்மா இருக்கறதுக்கு ஊருல நாம ரெண்டு பேரு பத்தலியா?"

ஆனாலும் நடந்தாள். ரோஸ்லின் வலது பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இடது பக்கம் குதிரைக்குக் கண் தெரியாது, லாரி வந்தால் மிரளும், அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பயப்படாது, அதனால் நீ பேசிக்கொண்டே வா என்றாள் செண்பகத்திடம்.

"இன்னா பேசறது?"

"எதனா பேசு. வாய் மூடாம பேசு."

அதைவிட எளிய வேலையை செண்பகத்துக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. தன் கறவை மாட்டுக்கு மடிநோய் வந்த கதை, ரேஷனில் போட்ட அரிசியின் லட்சணம், செத்துப்போன மாமியாரின் கஞ்சத்தனம் என்று வழி நெடுகப் பேசினாள். குதிரையின் இந்தப் பக்கம் நடந்த ரோஸ்லினுக்கு அவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. முதலில் ரோட்டோரம் தள்ளி வந்த குரல், வெயில் இறங்குவதற்குள் குதிரையின் கழுத்தருகே வந்துவிட்டது. எட்டிப் பார்த்தால், செண்பகத்தின் கை அதன் பிடரியில் இருந்தது. அதைப் பார்த்தபோது ரோஸ்லினுக்கு உண்டான சந்தோஷம், மகளைப் பெற்றபோதுகூட அவளுக்கு வந்ததில்லை.

காலனிக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் போகவேண்டும். தெருமுனையில் பைக்கில் உட்கார்ந்திருந்த ஒருவன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஓட்டிக்கினு போங்க, தப்பில்ல. ஏறி கீறி உக்காந்துடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். செண்பகம் வாயைத் திறப்பதற்குள் ரோஸ்லின் கயிற்றை இழுத்து நடையைக் கூட்டினாள். ரோஸ்லினுக்குக் குதிரை ஏறத் தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் அந்தத் தெருவில் அவள் ஒருநாளும் ஏறவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அரிவாள் இருப்பது அவளுக்குத் தெரியும்.

செண்பகம் யாரென்று இங்கே சொல்லிவிட வேண்டும். ரோஸ்லின் கல்யாணமாகி இந்தக் காலனிக்கு வந்தபோது அடுத்த வீட்டுக்காரி. இவளைவிடக் கொஞ்சம் மூத்தவள், பிள்ளையில்லாதவள். ரோஸ்லினின் புருஷன் சவுரிராயன் கட்டட வேலை செய்தான், குடித்தான், அடித்தான். காலனியில் இதெல்லாம் புதிதில்லை, சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு சோறு தின்பார்கள். செண்பகம் சாத்தவில்லை. ஒருநாள் அவன் விறகுக்கட்டையை ஓங்கியபோது நடுவில் வந்து நின்று இடது கையில் வாங்கிக்கொண்டாள். மணிக்கட்டு ஒடிந்து, கட்டுப் போட்டும் கோணலாகவே கூடியது. அடுத்தவன் பெண்டாட்டிக்காகக் கையை ஒடித்துக்கொண்டவளோடு என்னால் குடும்பம் நடத்த முடியாது என்று அவள் புருஷன் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான். அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. போனவன் போகட்டும் என்று செண்பகம் அன்றைக்கும் மாடு கறந்தாள்.

சில வருஷத்தில் சவுரிராயன் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். அவனைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த வாரமே, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஓலைத் தட்டியை செண்பகம் பிடுங்கி அடுப்பில் வைத்துச் சோறாக்கினாள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. அவள் தைக்குப் பொங்கல் வைத்தால் இவள் தின்பாள். இவள் பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி இருந்தால் அவளும் சேர்ந்து பட்டினி கிடப்பாள். ரோஸ்லினின் மகள் டயானா இருவர் மடியிலும் வளர்ந்தாள், இருவரையும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். இந்த இரண்டு பெண்களைப் பற்றிக் காலனியில் பேசாத பேச்சில்லை. பேசியவர்களின் மாட்டுக்கு வயிறு உப்பிக்கொண்டால் மட்டும் செண்பகத்தின் வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

அதில் அவள் கெட்டிக்காரி. நல்லெண்ணெயைச் சுடவைத்து ஓமமும் பெருங்காயமும் போட்டு இறக்கி, வெதுவெதுப்பாக மூங்கில் குழாயில் எடுத்து, மாட்டின் முகத்தைத் தூக்கிப் பிடித்துத் தொண்டைக்குள் இறக்குவாள். கோணல் கைக்கு அந்தக் குழாய் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும், ஒரு சொட்டு சிந்தாது. கொஞ்ச நேரத்தில் மாடு ஏப்பம் விட்டு அசைபோட ஆரம்பிக்கும். திண்டிவனம் ரோடு வரைக்கும் அவளுக்கு அந்தப் பெயர் இருந்தது.

குதிரை வந்து சேர்ந்ததும் முதல் சண்டை பெயரில் வந்தது. காலனியில் ஏற்கெனவே ஒரு ஸ்டெல்லா இருந்தாள், அவள் தெருவில் நின்று, "எம்பேர வெச்சிக்கினு லத்தி போடுதா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அதனால் செண்பகம் அதைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தாள். கிழட்டுக் குதிரைக்குப் பாப்பா என்று பெயர் வைத்த கூத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். ரோஸ்லின் அதன் வலது பக்கம், செண்பகம் குருட்டுக் கண் பக்கம், தினமும் சாயங்காலம் ஏரிக்கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தார்கள். பாப்பா யாருக்கும் எதையும் சம்பாதித்துக் கொடுக்கவில்லை. செண்பகத்தின் குரல் கேட்டால் அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்க்கும், அவ்வளவுதான். "அது எம்மூஞ்சிய சரியா பாத்ததே இல்ல ரோசு. பாத்திருந்தா ஓடியே போயிருக்கும்" என்று செண்பகம் சொல்லிச் சிரிப்பாள். இப்படியே சில வருஷங்கள் போயின. அவர்கள் வாழ்க்கையில் நல்ல காலம் என்று ஒன்று இருந்தால் அதுதான்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. டயானாவுக்குப் பிரசவ வலி கண்டு, ரோஸ்லின் அவளோடு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கியிருந்தார்கள். மழையில் ஊறிப் பூசணம் பிடித்த கொடியைக் கட்டாகக் கட்டி செண்பகத்துக்குக் கொடுத்தார்கள். மாடுகள் ஆவலாகத் தின்றன. பாப்பா பார்த்துக்கொண்டு நிற்கிறதே என்று அதற்கும் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

மறுநாள் போன் வந்தது. "பாப்பா படுத்துப் படுத்து எந்திரிக்கிறாடி. வவுத்தயே திரும்பித் திரும்பிப் பாக்குறா. காலால தரையப் பறிக்கிறா."

"படுக்க வுடாதக்கா. நடக்க வெச்சிக்கினே இரு. நான் டாக்டருக்கு சொல்லிட்டு ஜல்தியா வர்றேன்" என்றாள் ரோஸ்லின். அதற்குள் நர்ஸ் வெளியே வந்து டயானாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். போனை வைத்துவிட்டு ஓடினாள்.

ஒன்றை அவள் சொல்லவில்லை. லாயத்தில் சேர்ந்த புதிதிலேயே வெள்ளைக்காரம்மா அவளுக்குச் சொல்லியிருந்தாள்: குதிரைக்கு எதையும் வாயில் ஊற்றாதே, மாடு போல இல்லை, அது நுரையீரலுக்குள் போய்விடும், மருந்து கொடுப்பதென்றால் டாக்டர்தான் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கொடுக்கவேண்டும். இத்தனை வருஷத்தில் ரோஸ்லின் இதை செண்பகத்திடம் சொன்னதேயில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை. சொல்லத் தோன்றவில்லை.

பேத்தி பிறந்தாள். சம்பந்தியம்மாளிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்து, பஸ் மாறி ரோஸ்லின் வீடு வந்து சேர்ந்தபோது பாப்பா அமைதியாக நின்றுகொண்டிருந்தது. செண்பகத்தின் முழங்கை வரைக்கும் எண்ணெய். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு படி எண்ணெ உள்ள போச்சுடி. முதல்ல தொண்டையில வெச்சிக்கினு இருமுனா. நான் வுடல. இப்ப பாரு, அடங்கிட்டா."

பாப்பா இருமியது. அதன் மூக்கிலிருந்து ஒரு கோடு எண்ணெய் இறங்கியது. ரோஸ்லின் ஈரப் புடவையோடே டாக்டருக்கு போன் போட்டாள்.

மாட்டு டாக்டர் கலைப்பிரியா திண்டிவனத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். சின்ன வயதுக்காரி, கறாரான பேச்சு. பாப்பாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, செண்பகத்தை வெந்நீர் வைக்கச் சொல்லி உள்ளே அனுப்பினாள். பிறகு ரோஸ்லினைப் பார்த்தாள்.

"வயித்து வலி இந்நேரம் தானாவே விட்டிருக்கும். எண்ணெய் நுரையீரல்ல போயிருக்கு. ஊசி போடுறேன், ஆனா நம்பிக்கை சொல்ல மாட்டேன். யாரு ஊத்துனது?"

உள்ளே அடுப்பூதும் சத்தம் கேட்டது. ரோஸ்லின் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"நான்தான் டாக்டர்."

"லாயத்துல வேலை பாத்தவங்கதானே நீங்க? உங்களுக்குமா தெரியாது?"

ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. செண்பகம் கையில் வாங்கியதை எண்ணிப் பார்த்தால் இது என்ன பெரிய அடி என்று நினைத்தாள். அங்கேதான் அவள் தப்புக்கணக்குப் போட்டாள்.

பாப்பா சட்டென்று சாகவில்லை. காய்ச்சல் கண்டு, விலா எலும்பு ஏறி இறங்க மூச்சு வாங்கி, தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டு, நாள்கணக்கில் செத்தது. செண்பகம் குருட்டுக் கண் பக்கத்திலேயே சாக்கை விரித்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். பேச விஷயம் தீர்ந்துபோய், அன்றைக்கு வானூரிலிருந்து நடந்து வந்தபோது பேசியதையே திரும்பப் பேசினாள். ஏரிக்கரையில் புதைக்க ஊர்க்காரர்கள் விடவில்லை. இரண்டு வீட்டுக்கும் பின்னால் இருந்த கொல்லையில் ஜேசிபி வைத்துக் குழி தோண்டினார்கள். மண்ணைத் தள்ளும்போது செண்பகம் போட்ட கூப்பாடு ஊர்த்தெரு வரைக்கும் கேட்டதாம்.

செத்தது ஒரு துக்கம் என்றால், அதற்குப் பிறகு வந்தது வேறு துக்கம். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் செண்பகம் சொன்னாள், "நான் எண்ணெ ஊத்துனதாலதான் அத்தினி நாளு தாங்குச்சு. இல்லாட்டி அன்னிக்கே போயிருக்கும். டாக்டரு வந்து இன்னாத்த கிழிச்சாங்க?" பால் சொசைட்டியில் சொன்னாள், நூறு நாள் வேலையில் சொன்னாள். பக்கத்தில் நின்று ரோஸ்லின் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். அந்தக் கோணல் கையைப் பார்ப்பாள், விழுங்கிவிடுவாள்.

விழுங்கியது உள்ளே சும்மா இருக்குமா. குழம்பில் உப்பு என்பாள், வாசலில் சாணம் என்பாள், ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தாள். செண்பகம் சோறு போட்டுக் கொடுத்தால் அந்தக் கையைப் பார்க்காமல் தட்டை வாங்கினாள். தான் செய்வது அநியாயம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அடக்க முடியவில்லை.

"எம்மேல இன்னாடி கோவம்?" என்று ஒருநாள் செண்பகம் கேட்டேவிட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. தலவலி."

"ரெண்டு மாசமாவா தலவலி?" என்றாள் செண்பகம். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மாசிலாமணி வந்தார். திண்டிவனத்தில் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டி விடுகிறவர். மார்கழியில் கல்யாணம் கிடையாது, குதிரையைப் பார்த்துக்கொள்கிற ஆளும் ஊருக்குப் போய்விட்டான், தை பிறக்கிற வரைக்கும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். ரோஸ்லினுக்கு மறுபடி ஒரு குதிரையின் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள் செண்பகத்தைப் பார்த்தாள். அவள் கண் மினுங்கியது. சரி என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளைப் பெட்டை, சின்ன வயது, இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். செண்பகம் அதற்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்து, பழக்கதோஷத்தில் அதன் இடது பக்கமே நின்று பேச ஆரம்பித்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆனால் மாசிலாமணியின் ஆள் கடைசி முகூர்த்தத்தில் மிஞ்சிய, குதிரை வயிற்றுக்கு ஆகாத பந்திச் சோற்றை அதற்குத் தின்னக் கொடுத்திருந்தது யாருக்கும் தெரியாது.

வந்த இரண்டாம் நாள் காலை, ரோஸ்லின் கோயிலில் திருப்பலி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தாள். தெருவில் நுழையும்போதே ஓமமும் பெருங்காயமும் மணந்தன. யார் வீட்டு மாட்டுக்கோ என்று முதலில் நினைத்தாள். அடுத்த நிமிஷம் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

வெள்ளச்சி வேர்த்துக் கொட்ட நின்றுகொண்டு, காலால் தரையைப் பறித்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. செண்பகம் அதன் தாடையைத் தோளில் தாங்கித் தூக்கியிருந்தாள். கோணல் கையில் மூங்கில் குழாய்.

"வுடுக்கா! ஊத்தாத!"

"கத்தாதடி, மிரளப் போவுது. பாப்பாவுக்கு வந்த அதே நோவுதான்."

"டாக்டர் வரட்டும். நான் போன் போடுறேன்."

"அன்னிக்கும் டாக்டரு வரட்டும்னுதான் சொன்ன. நான் ஊத்துனதாலதான உசுரு நின்னுச்சு? நவுரு."

குழாய் வாயருகே போய்விட்டது. ரோஸ்லின் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துத் திருகினாள். ஒடிந்த கை என்றும் பார்க்கவில்லை. எண்ணெய் முழுவதும் இருவர் புடவையிலும் கொட்டியது. செண்பகம் வலியில் முனகிக்கொண்டு அவளை வெறித்துப் பார்த்தாள்.

"பைத்தியமாடி உனக்கு?"

"குதிரைக்கு வாயில ஊத்தக் கூடாதுக்கா. நெஞ்சுக்குள்ள போயிடும். பாப்பா வவுத்து வலியில சாவல." இதற்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை.

செண்பகம் குழாயைக் கீழே போட்டாள். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரோஸ்லின் கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடக்க வைத்தாள். முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், ஒவ்வொரு சுற்றிலும் செண்பகம் நின்ற இடத்தைத் தாண்டினாள். செண்பகம் அசையவில்லை.

டாக்டர் வந்தாள். வெள்ளச்சியின் மூக்கு வழியாக நீளமான குழாயை மெதுவாக இறக்கி, ஊதிப் பார்த்து, வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, புனல் வைத்து மருந்தெண்ணெயை ஊற்றினாள். செண்பகம் பக்கத்தில் வந்து நின்று கண் கொட்டாமல் பார்த்தாள். வேலை முடிந்து கையைத் துடைக்கும்போது டாக்டர் சொன்னாள், "இந்தத் தடவையாவது நீங்க ஊத்தாம இருந்தீங்களே ரோஸ்லின். பிழைச்சிக்கும்."

செண்பகம் ரோஸ்லினைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் சொன்னாள்.

"ஊத்துனது அவ இல்ல டாக்டர். நானு."

டாக்டர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, பையை மூடிக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்த பிறகு செண்பகம் கேட்டாள், "உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"அன்னிக்கே." செண்பகம் அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "நாலு ஊருகிட்ட பீத்திக்கினு இருந்தேனேடி. நான்தான் காப்பாத்துனேன், நான்தான் காப்பாத்துனேன்னு. நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கினு இருந்த."

"உன்னால தாங்க முடியாதுன்னுதான்க்கா..."

"எங்கைய ஒடிச்சானே உம்புருஷன், அவன்கூட மூஞ்சிக்கு நேரா நின்னுதான்டி ஒடிச்சான்."

செண்பகம் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சவுரிராயன் அடித்த நாட்களில்கூடச் சாத்தாத கதவு. அன்றைக்கு ரோஸ்லின் அழுதாள். பாப்பா செத்ததற்கும் சேர்த்து அழுதாள்.

அடுத்த வாரம் செண்பகம் ஓலை வாங்கி வந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் தட்டி கட்டினாள். தனியாகவே கட்டினாள், ஒரு கை சரியாக வராததால் பல்லால் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். ரோஸ்லின் உதவிக்குப் போகவில்லை, போகிற தைரியம் இல்லை. தனி அடுப்பில் தனக்கு மட்டும் பொங்க அவளுக்கு அளவே தெரியவில்லை, சோறு தினமும் மிஞ்சியது. டயானா போனில் குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்கவைத்து, "செம்பகம்மா எங்கே, போன குடு" என்பாள். மாடு கறக்கிறாள் என்று பொய் சொல்வாள்.

தெற்குத் தெருவில் நெடுஞ்செழியனின் சினை மாடு இளம்புல் தின்று வயிறு உப்பிக்கொண்டது. அவன் ஓடி வந்து செண்பகத்தின் வாசலில் நின்று கூப்பிட்டான். "நான் இனிமே எதுக்கும் ஊத்த மாட்டேன். டாக்டர இட்டுக்கினு வா" என்றாள் அவள். அவன் கெஞ்சினான். டாக்டர் வேறு ஊரில் இருந்தாள், வருவதற்குள் மாடு வயிற்றுக் கன்றோடு செத்தது. அவன் திரும்பி வந்து தெருவில் நின்று கேட்கக் கூசும் வார்த்தையெல்லாம் கேட்டான். செண்பகம் வாசலில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டாள். தட்டிக்கு இந்தப் பக்கம் ரோஸ்லினும் நின்று கேட்டாள். மாட்டுக்கு ஊற்றினால் தப்பில்லையே அக்கா, மாடு பிழைத்திருக்குமே என்று சொல்ல நினைத்தாள். எந்த வாயால் சொல்வது.

தை பிறந்தது. மாசிலாமணி போன் செய்தார். குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருப்பதால் வண்டி உள்ளே வராது, குதிரையை மெயின் ரோட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தால் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். ரோஸ்லின் வெள்ளச்சியைத் தேய்த்துவிட்டு, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். தட்டியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

ஊர்த்தெருவுக்குள் நுழையும்போதுதான் குதிரையின் இடது காது அந்தப் பக்கமாகத் திரும்பியது. ரோஸ்லின் நடையைக் குறைத்தாள். குதிரையின் அந்தப் பக்கத்தில் இன்னொரு காலடி கேட்டது. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் காலடி. அவளுக்குத் தெரியாதா அது யாருடையது என்று. குனிந்து பார்த்தால் குதிரையின் கால்களுக்கு நடுவே புடவைக் கரை தெரியும். அவள் குனியவில்லை.

செண்பகம் பேசவில்லை. வாய் மூடாமல் பேசுகிறவள் ஒரு சொல்லும் பேசாமல் நடந்தாள். தெருமுனையில் பைக்கில் இருந்தவன் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று பார்த்துவிட்டு எதுவோ சொன்னான், ரோஸ்லின் காதில் அது விழவில்லை.

குதிரையின் உடம்பு நடுவில் இருந்தது, முகம் தெரியவில்லை. அதனால் ரோஸ்லின் பேச ஆரம்பித்தாள். பேத்திக்குத் தலை நிற்கிறதாம் என்றாள். டயானா தினமும் உன்னைத்தான் கேட்கிறாள் என்றாள். ரேஷனில் இந்த மாதமும் புழுத்த அரிசிதான் என்றாள். சோறு தினமும் மிஞ்சுகிறது, யாருக்குப் போடுவதென்று தெரியவில்லை என்றாள். மெயின் ரோடு வரைக்கும் அவள் பேசிக்கொண்டே போனாள், அந்தக் காலடியும் கூடவே வந்தது.